சார்ல்ஸ்டன் பிரசவ வார்டு: போலீஸும் உட்கார்ந்திருந்த மேசை

ஒன்பது காரணங்கள் கொண்ட ஒரு பட்டியல். கர்ப்பகாலத்தில் ஒரு தடவைகூட டாக்டரிடம் வராதது முதல் காரணம். 24 வாரம் கழிந்த பிறகு வந்தது இரண்டாவது. வர ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டது மூன்றாவது. அப்புறம் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துபோனது, குழந்தை வயிற்றிலேயே இறந்தது, காரணம் புலப்படாத குறைமாத வலி, காரணம் புலப்படாத வளர்ச்சிக் குறைவு, முன்பு போதைப் பழக்கமோ குடிப்பழக்கமோ இருந்ததாகத் தெரிவது, காரணம் சொல்ல முடியாத பிறவிக் குறைபாடு. இதில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும், அந்தப் பெண்ணின் சிறுநீரில் கோகைன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் தகவல் போலீஸுக்குப் போகும்.

1989-ல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்தில் இருந்த ஏற்பாடு இது. அதை நடத்தியது அந்த மாநிலத்தின் மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனை. அரசு மருத்துவமனை, நகரத்து ஏழைகள் நம்பி வருகிற இடம். இதிலிருந்து கிளம்பிய வழக்குதான் 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன 'ஃபெர்குசன் எதிர் சார்ல்ஸ்டன் நகரம்'.

மருத்துவமனை தன் நோயாளியின் தகவலைப் போலீஸுக்குக் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தால் அமெரிக்காவில் எல்லோரும் ஹிப்பா (HIPAA) என்கிற, நோயாளியின் மருத்துவத் தகவலைக் காக்கும் மத்தியச் சட்டத்தைத்தான் இழுப்பார்கள். இந்தச் சிக்கலை எனக்குப் புரியவைத்தது அந்தச் சட்டத்தைவிட இந்த வழக்குதான். வழக்கமான தனியுரிமை வழக்குகளில் ஒரு கோப்பு எங்கிருந்தோ வெளியே போயிருக்கும், யார் அனுப்பினார்கள் என்பது கேள்வியாக இருக்கும். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை. பரிசோதனையை எப்படிச் செய்வது, முடிவை யாருக்கு அனுப்புவது என்று திட்டம் போட்ட மேசையிலேயே போலீஸும் உட்கார்ந்திருந்தது.

செய்தி கேட்ட நர்ஸ்

1988-ன் பிற்பகுதியில், பேறுகாலக் கவனிப்புக்கு வரும் பெண்களிடம் கோகைன் பழக்கம் அதிகமாகிறது என்று மருத்துவமனை ஊழியர்கள் கவலைப்பட ஆரம்பித்தார்கள். 'கிராக்' என்கிற மலிவுவிலைக் கோகைன் அமெரிக்க நகரங்களில் பரவியிருந்த காலம். பத்திரிகைகளில் 'கிராக் குழந்தைகள்' என்ற சொல் நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. 1989 ஏப்ரலில், சந்தேகத்துக்குரிய கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். கோகைன் இருந்தால் மாவட்டத்தின் போதை மறுவாழ்வு அமைப்புக்கு ஆலோசனைக்கு அனுப்பினார்கள். இதுவரை போலீஸ் இல்லை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு நீதிபதி இதைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்.

ஆலோசனைக்கு அனுப்பியும் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை. நாலு மாதம் போனது. மகப்பேறு பிரிவில் நோயாளிகளின் விவரங்களைக் கவனித்துவந்த நர்ஸ் ஒருவர் ஒரு செய்தியைக் கேட்டார். அதே மாநிலத்தின் கிரீன்வில் நகரத்தில், கோகைன் எடுத்த கர்ப்பிணிகளைக் குழந்தைக்குத் தீங்கிழைத்ததாகச் சொல்லிப் போலீஸ் கைது செய்கிறது என்பது செய்தி. அவர் இதை மருத்துவமனையின் சட்ட ஆலோசகரிடம் சொன்னார். ஆலோசகர் சார்ல்ஸ்டன் வட்டாரத்தின் அரசுத் தரப்பு வழக்கறிஞர் சார்ல்ஸ் காண்டனைத் தொடர்புகொண்டார். காண்டன் வகித்தது அங்கே தேர்தலில் நின்று ஜெயித்து வரவேண்டிய பதவி. பிறக்கும்போது குழந்தையிடம் போதைப்பொருள் தென்பட்டால், தாய்மேல் வழக்குப் போட மருத்துவமனை ஒத்துழைக்கும் என்று ஆலோசகர் சொன்னார்.

போலீஸ் வந்து கதவைத் தட்டவில்லை, சம்மன் எதுவும் வரவில்லை. மருத்துவமனைதான் வலியப் போய் அழைத்தது.

அதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. வழக்கு நடந்த எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளி, பிறக்கப்போகும் குழந்தை, கையில் எந்தப் பிடியும் இல்லாத ஊழியர்கள். 'ஜெயில் பயம் இருந்தாலாவது சிகிச்சைக்குப் போவாள்' என்ற யோசனை அங்கே எப்படி வந்திருக்கும் என்பது புரிகிறது.

பன்னிரண்டு பக்கம்

காண்டன் ஒரு குழுவைக் கூட்டினார். மருத்துவமனை, போலீஸ், போதை மறுவாழ்வு அமைப்பு, சமூக நலத் துறை எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர் முன்னின்று உருவாக்கிய 12 பக்க ஆவணத்துக்கு 'கொள்கை எம்-7' என்று பெயர். தலைப்பு, கர்ப்பகாலப் போதைப் பழக்கத்தைக் கையாளுவது பற்றியது. தலைப்பைப் பார்த்தால் மருத்துவக் குறிப்பு மாதிரிதான் இருக்கிறது.

உள்ளே இருப்பது வேறு. ஆரம்பத்தில் சொன்ன ஒன்பது காரணங்கள். சிறுநீர் மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு கட்டத்திலும் பதிவு வைக்கவேண்டும் என்ற விதி. நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்கவேண்டிய பொருளை இப்படித்தான் காப்பாற்றுவார்கள், வைத்தியத்துக்காக எடுக்கும் மாதிரிக்கு இவ்வளவு தேவைப்படாது. அப்புறம் எந்தக் கட்டத்தில் என்ன குற்றச்சாட்டு என்ற விவரம். கர்ப்பம் 27 வாரத்துக்குள் என்றால் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம். 28 வாரம் ஆகிவிட்டால் அதோடு 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் போதைப்பொருள் கொடுத்த குற்றமும் சேரும். அந்தக் 'குறைந்த வயதுக்காரர்' வயிற்றில் இருக்கும் கரு. பிரசவத்தின்போது தெரியவந்தால் குழந்தையைச் சட்டவிரோதமாகப் புறக்கணித்த குற்றமும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்த 12 பக்கத்தைப் பற்றிக் கவனித்துச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. கோகைன் இருப்பது தெரிந்த பெண்ணுக்குக் கர்ப்பகாலச் சிகிச்சையில் என்ன மாற்றம் செய்யவேண்டும், பிறந்த குழந்தைக்குத் தனியாக என்ன வைத்தியம் என்பது பற்றி ஆவணத்தில் பேச்சே இல்லை.

முதல் சில மாதங்களில் பிரசவத்தின்போது மாட்டிக்கொண்டவர்களை உடனே கைது செய்தார்கள். பின்னால் வழக்குப் போட்ட மனுதாரர்களில் நாலு பேர் அப்படிப் போனவர்கள். சிகிச்சைக்குப் போகிறாயா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பிரசவம் முடிந்த கையோடு, ரத்தப்போக்கு நிற்குமுன்பே விலங்கு மாட்டிக் கூட்டிப்போனதாக வழக்கில் சொன்னார்கள். 1989 கடைசியிலோ 1990 தொடக்கத்திலோ காண்டன் அலுவலகத்தின் யோசனைப்படி விதி மாறியது. முதல் தடவை மாட்டினால் சிகிச்சையா கைதா என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டாம் தடவை கோகைன் தென்பட்டாலோ, சிகிச்சைக்கு வரவேண்டிய நாளில் வராவிட்டாலோ கைது. இன்னும் ஆறு மனுதாரர்கள் இந்த இரண்டாம் கட்டத்தில் வந்தவர்கள்.

மொத்தம் கைதானவர்கள் 30 பேர். அதில் 29 பேர் கறுப்பினப் பெண்கள்.

பட்டியலின் முதல் மூன்று காரணங்களை இப்போது மறுபடியும் படித்துப் பாருங்கள். வராதவள், தாமதமாக வந்தவள், பாதியில் நின்றவள். பஸ்ஸுக்குக் காசில்லாதவளும், வேலையில் லீவு கிடைக்காதவளும், வீட்டில் சின்னக் குழந்தையை விட்டுவர ஆளில்லாதவளும் இதில் விழுவார்கள். அதைவிட மோசமானது இன்னொன்று. அந்த மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வரும் என்ற சேதி ஊருக்குள் பரவினால், பயந்துபோய் ஒரு பெண் வராமல் இருப்பாள். கடைசியில் வலி எடுத்து வேறு வழியில்லாமல் வருவாள். வந்ததும், இத்தனை நாள் வராததே அவளைச் சந்தேகப்படக் காரணமாகிவிடும். அமெரிக்க மருத்துவச் சங்கம் உட்பட மருத்துவ அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் பெண்கள் பக்கம் நின்றதற்கு இந்தப் பயம் ஒரு பெரிய காரணம்.

நீதிமன்றத்தில்

1993 அக்டோபரில் பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு மத்திய சுகாதாரத் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகமும் விசாரணையில் இறங்க, மத்திய நிதி கைவிட்டுப் போகலாம் என்ற நிலை வந்தது. மருத்துவமனை கொள்கையை 1994-லேயே நிறுத்திக்கொண்டது. ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை.

வாதம் நாலாவது அரசியல் சட்டத் திருத்தத்தின்மேல் நின்றது. நியாயமில்லாத சோதனையிலிருந்தும் கைப்பற்றலிலிருந்தும் மக்களைக் காக்கிற திருத்தம் அது. அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல. மருத்துவமனை அரசுடையது என்பதால் அதன் நர்ஸும் டாக்டரும் அரசின் ஆட்களாகிவிடுகிறார்கள். அவர்கள் செய்த சிறுநீர்ப் பரிசோதனை அரசு நடத்திய சோதனை ஆகிறது. வாரண்ட் இல்லை. அப்படியானால் இரண்டே வழி: பெண்கள் சம்மதித்திருக்கவேண்டும், அல்லது நீதிமன்றங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு விதிவிலக்குக்குள் வரவேண்டும்.

ஜூரி, சம்மதம் இருந்தது என்று நகரத்தின் பக்கம் முடிவு சொன்னது. நாலாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சம்மதத்தைத் தொடாமல், 1999-ல் 'தனித் தேவை' என்ற விதிவிலக்கைச் சொல்லி நகரத்தின் பக்கமே நின்றது. குற்றவியல் நோக்கத்துக்கு அப்பால் அரசுக்கு ஒரு தனித் தேவை இருந்தால், வாரண்ட் இல்லாமலும் சோதிக்கலாம் என்பது அந்தக் கோட்பாடு. விபத்தில் சிக்கிய ரயில் ஊழியர்கள், சுங்கத் துறையில் பதவி உயர்வு கேட்பவர்கள், பள்ளி விளையாட்டு வீரர்கள் ஆகியோரைப் போதைப்பொருளுக்காகச் சோதிப்பதை உச்ச நீதிமன்றம் முன்பே அனுமதித்திருந்தது. கர்ப்பிணியின் உடல்நலமும் அப்படி ஒரு தேவைதானே என்பது நகரத்தின் வாதம்.

2001 மார்ச் 21-ல் வந்த தீர்ப்பில் ஆறு நீதிபதிகள் இதை மறுத்தார்கள், மூன்று பேர் ஏற்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். முந்தைய வழக்குகளில் பரிசோதனை முடிவு சாதகமாக இல்லாவிட்டால் வேலையோ விளையாட்டோ கைவிட்டுப்போகும், அவ்வளவுதான். முடிவு மூன்றாம் ஆளுக்குப் போகாமலிருக்கத் தடுப்புகளும் இருந்தன. இங்கே பரிசோதனையே போலீஸுக்காக எடுத்தது. கடைசிக் குறிக்கோள் பெண்ணைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவதாக இருக்கலாம், ஆனால் உடனடி நோக்கம் குற்றவழக்குக்குச் சாட்சியம் சேர்ப்பது. கடைசிக் குறிக்கோளை மட்டும் பார்த்தால் எந்தப் போலீஸ் நடவடிக்கைக்கும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும் என்றது தீர்ப்பு. மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ளும் ஒருவர், தன் சம்மதமில்லாமல் முடிவு மருத்துவத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் போகாது என்று எதிர்பார்ப்பது நியாயம் என்றும் சொன்னது.

அந்த முடிவுக்கு வர ஸ்டீவன்ஸ் அடுக்கிய விவரங்கள்தான் தீர்ப்பின் உயிர்நாடி. முடிவு யாருக்குப் போகவேண்டும், அறிக்கையில் என்னென்ன இருக்கவேண்டும் என்று தீர்மானித்ததில் போலீஸும் அரசு வழக்கறிஞரும் இருந்தார்கள். கோகைன் தென்பட்ட பெண்களைப் பற்றி நர்ஸ் வைத்திருந்த மருத்துவக் கோப்புகளை அவர்களால் பார்க்க முடிந்தது. மருத்துவக் குழுவின் கூட்டங்களுக்கு வழக்கமாக வந்தார்கள். பெண்களின் முன்னேற்றம் பற்றிய குறிப்புகளின் நகல் அவர்களுக்குப் போனது. எப்போது கைது செய்யலாம் என்பதை மருத்துவமனையோடு கலந்து பேசிக்கொண்டார்கள்.

ஆந்தனி கென்னடி முடிவை ஏற்றார், காரணத்தை ஏற்கவில்லை. உடனடி நோக்கம், கடைசி நோக்கம் என்று பிரிப்பது அவருக்கு ஒட்டவில்லை. ஆனால் தனித் தேவை வழக்கு எதிலும் போலீஸ் இப்படி ஆரம்பத்திலிருந்தே உள்ளே உட்கார்ந்ததில்லை என்று தனியாக எழுதினார்.

ஸ்காலியா பிடித்த முனை

மாற்றுத் தீர்ப்பு எழுதிய ஆன்டனின் ஸ்காலியாவை லேசாகத் தள்ளிவிட முடியாது. இதில் சோதனை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று, சிறுநீரை எடுத்தது. அதைப் பெண்கள் தாங்களே கொடுத்தார்கள், யாரும் பிடுங்கவில்லை. கொடுத்தபிறகு அதிலிருந்து தெரிந்ததை டாக்டர் போலீஸிடம் சொன்னால் அது நம்பிக்கைத் துரோகமாக இருக்கலாம், அரசியல் சட்டம் தடுக்கும் சோதனை ஆகாது. நண்பனை நம்பி ஒரு ரகசியத்தைச் சொல்கிறோம், அவன் போய்ச் சொல்லிவிடுகிறான். அதற்கு நாலாவது திருத்தத்தில் மருந்து கிடையாது. தவிர, பரிசோதனை 1989 ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிட்டது, போலீஸ் வந்தது பிறகுதான். அப்படியிருக்க மருத்துவ நோக்கமே இல்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார்.

நான் மேலே நினைவில் வைக்கச் சொன்ன ஏப்ரல் மாதம் இதுதான். ஸ்காலியா சொல்வதில் பாதி சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏப்ரலில் எடுத்த சிறுநீர் மருத்துவத்துக்காக எடுத்தது. ஆனால் எம்-7 வந்தபின் எடுத்ததும் அதுவேதான் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிண்ணம் அதே கிண்ணம், கேட்கிற நர்ஸ் அதே நர்ஸ். கொடுக்கிறவளுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை, கேட்கிறவருக்குத் தெரியும். நண்பனிடம் ரகசியம் சொன்ன உதாரணம் இங்கே இதனால்தான் ஒட்டவில்லை. அந்த நண்பன் போலீஸோடு பேசிவைத்துக்கொண்டு, என்ன கேட்கவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்திருந்தால் கதையே வேறு.

இன்று இதே நடந்தால்

வழக்கில் உச்ச நீதிமன்ற வாதம் நடந்தது 2000 அக்டோபரில். தீர்ப்பு 2001 மார்ச்சில். நடுவில், 2000 டிசம்பரில், ஹிப்பா சட்டத்தின் தனியுரிமை விதி வெளியானது. சட்டம் 1996-லேயே வந்தது, மருத்துவமனைகள் விதியைப் பின்பற்றியாகவேண்டிய நாள் வந்தது 2003 ஏப்ரலில். அதனால் சார்ல்ஸ்டன் பெண்களுக்கு ஹிப்பா உதவவில்லை. இன்று உதவுமா?

போலீஸ் சம்பந்தமாக அந்த விதி என்ன சொல்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. மூடிய கதவு என்று நினைக்கிறார்கள். அது பல சாவிகள் உள்ள கதவு. நீதிமன்ற ஆணையோ வாரண்டோ இருந்தால் கொடுக்கலாம். தேடப்படுகிறவரை அடையாளம் காணப் போலீஸ் கேட்டால் பெயர், முகவரி, பிறந்த தேதி, ரத்த வகை, காயத்தின் தன்மை, சிகிச்சை பெற்ற நேரம் போன்ற சிலவற்றை மட்டும் கொடுக்கலாம். டி.என்.ஏ., பல் பதிவுகள், உடல் திரவங்களின் பரிசோதனை முடிவு இதில் வராது. மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே குற்றம் நடந்தால் அது பற்றிச் சொல்லலாம். இவற்றிலெல்லாம் விதி பேசுவது 'கொடுக்கலாம்' என்றுதான், 'கொடுத்தாகவேண்டும்' என்று அல்ல. கட்டாயம் வருவதென்றால் வேறு சட்டத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ வரும்.

உடல் திரவ முடிவுகளை வெளியே நிறுத்தும் அந்த வரியைப் பார்த்தால் எம்-7 இன்று செல்லாது என்று தோன்றும். ஆனால் இன்னொரு சாவி இருக்கிறது. குழந்தைமேல் நடக்கும் கொடுமையைப் பற்றி, அதைக் கேட்க அதிகாரமுள்ள அரசு அமைப்புக்கு, நோயாளியின் சம்மதமில்லாமலே தெரிவிக்கலாம். யார் குழந்தை என்பதை ஹிப்பா சொல்லவில்லை, மாநிலச் சட்டம் சொல்லும். தென் கரோலினாவின் உச்ச நீதிமன்றம் 1996-ல், விட்னர் வழக்கில், தாய்க்கு வெளியே உயிர்வாழத் தக்க வளர்ச்சி அடைந்த கருவும் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 'குழந்தை'தான் என்று சொல்லியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கதவு திறந்துகொள்கிறது.

ஸ்டீவன்ஸ் தீர்ப்பும் இதை மூடவில்லை. வழக்கமான சிகிச்சை கொடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும் ஒன்றைச் சட்டப்படி தெரிவிப்பது வேறு, போலீஸோடு சேர்ந்து சாட்சியம் தேடுவது வேறு என்று கோடு போட்டது. இந்த வழக்குக்கு அந்தக் கோடு போதும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. தனியார் மருத்துவமனை இதே வேலையைத் தானாகச் செய்தால் நாலாவது திருத்தம் அங்கே எட்டாது.

வேடிக்கை என்னவென்றால், 1970-களின் தொடக்கத்திலேயே போதைச் சிகிச்சைக்கு வருபவர்களின் பதிவுகளைக் காக்க அமெரிக்காவில் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. பதிவை வைத்து நோயாளிமேல் வழக்குப் போடவேண்டுமானால் நீதிமன்ற ஆணை வேண்டும். ஜெயில் பயம் இருந்தால் யாரும் சிகிச்சைக்கு வரமாட்டார்கள் என்பதே அந்தச் சட்டம் பிறந்த காரணம். ஆனால் அது காப்பது போதைச் சிகிச்சைக்கென்று இயங்கும் இடங்களின் பதிவுகளை. சாதாரணப் பிரசவ வார்டின் பதிவுகளுக்கு அந்தக் குடை நீளாது.

சம்மதம்

உச்ச நீதிமன்றம் ஒரு கேள்வியை மிச்சம் வைத்துத் திருப்பி அனுப்பியது: பெண்கள் உண்மையில் சம்மதித்தார்களா? ஜூரி ஆம் என்று சொல்லியிருந்தது. மருத்துவமனையில் சேரும்போது எல்லோரும் கையெழுத்துப் போடும் சிகிச்சைப் படிவங்கள் இருந்தன.

2002-ல் நாலாம் வட்டார நீதிமன்றம் மறுபடியும் பார்த்தது. சிகிச்சைக்குச் சம்மதித்தது போதாது. பரிசோதனை போலீஸின் வேலைக்காகவும் எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கவேண்டும், முடியாது என்று சொல்ல உரிமை இருப்பதும் தெரிந்திருக்கவேண்டும். அப்படித் தெரிந்தே சம்மதித்தார்கள் என்று எந்த நியாயமான ஜூரியும் முடிவு கட்டியிருக்க முடியாது என்று பெரும்பாலான மனுதாரர்களின் விஷயத்தில் நீதிமன்றம் சொன்னது. அந்த வார்டில் 1989-ல் பிறந்த குழந்தைகளுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது.